கிணறு கரிக்கத் தொடங்கினால்: கடல்நீர் உட்புகலை ஆராய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலோர நிலத்தடி நீரை ஆராய வரும் மாணவர்கள், நீர்வள அலுவலர்கள், கிணற்று நீர் திடீரென்று கரிப்பதைக் கண்டு கவலைப்படுபவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

கடலுக்கு அருகில் கிணறு தோண்டினால் உப்புநீர்தானே வரும்? இதில் ஆராய என்ன இருக்கிறது?

அலை தொடும் தூரத்தில் தோண்டிய கிணற்றிலும் நல்ல நீர் கிடைப்பதுண்டு. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, நீரைத் தாங்கும் மண், பாறை அடுக்கான நீர்ப்படுகையில் சேர்ந்து, கடலை நோக்கி ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம்தான் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. கடல்நீர் கனமானது என்பதால் முழுவதுமாகத் தோற்றுப் போவதில்லை. நன்னீருக்கு அடியில் ஆப்பு வடிவில் நிலத்துக்குள் நுழைந்து, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இயற்கையாக எந்தக் கடற்கரையிலும் இந்த ஆப்பு இருக்கும். அது இருப்பது சிக்கல் அல்ல. நாம் கடலுக்குப் போகும் நன்னீரைக் குறைக்கும்போது அது உள்ளே நகரத் தொடங்குகிறதே, அதைத்தான் உட்புகல் என்கிறோம்.

ஆகவே ஆய்வாளர் கேட்க வேண்டியது ‘நீர் உப்பாக இருக்கிறதா’ என்பதல்ல. அந்த உப்பு எங்கிருந்து வந்தது, எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பவைதான் கேள்விகள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

எல்லாப் பாடநூலிலும் வரும் ‘நாற்பது மடங்கு’ விதி எது?

நன்னீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.000 கிராம், கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025 கிராம். வித்தியாசம் 0.025. ஒன்றை 0.025-ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் நின்றால், நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான எல்லை கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டரில் இருக்கும். மிதக்கும் பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருப்பது போலத்தான் இதுவும்.

நெதர்லாந்துப் படைப் பொறியாளர் படான் கைபென் 1889-லும், ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ஸ்பர்க் 1901-லும் தனித்தனியே எழுதியதால் இருவர் பெயரும் விதிக்கு ஒட்டிக்கொண்டது. இவர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1828-ல், அமெரிக்காவில் டுகோமன் என்பவர் இதே சமநிலையை விளக்கியிருந்தார். அவர் பெயர் நிலைக்கவில்லை.

இந்த விதியின் இன்னொரு பக்கத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. நாற்பது மடங்காகப் பெருகுவது நீர்மட்டம் மட்டுமல்ல, நம் பிழையும்தான். நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் தவறாக அளந்தால், உவர்நீர் எல்லையை 4 மீட்டர் தவறான இடத்தில் வரைவோம். கடலோர ஆய்வில் அளவுநாடாவுக்கும், உயரங்களை ஒப்பிட்டு அளக்கும் மட்டக்கருவிக்கும் இருக்கும் மரியாதை, விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவிக்கு ஈடானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நீர்மட்டத்தை நாற்பதால் பெருக்கினால் எல்லை கிடைத்துவிடுமா?

முதல் ஊகத்துக்கு உதவும். அதற்கு மேல் நம்பக்கூடாது.

விதி இரண்டு நீரும் அசையாமல் நிற்பதாகவும், இடையில் கத்தியால் வெட்டியது போன்ற எல்லை இருப்பதாகவும் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் நன்னீர் கடலை நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் வெளியேற ஓர் இடைவெளி வேண்டும் என்பதால் கரையருகே எல்லை விதி சொல்வதைவிட ஆழமாக இருக்கும். ஹப்பர்ட் 1940-ல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். அடுத்து, எல்லை என்பது கோடல்ல. அது ஒரு கலப்பு மண்டலம். சில இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் தடிமன், சில இடங்களில் பல பத்து மீட்டர்.

மயாமி நகரின் அடியில் உள்ள பிஸ்கேன் சுண்ணாம்புப் படுகையில் 1950-களில் செய்த அளவீடுகள் இன்னொரு விந்தையையும் காட்டின. உவர்நீர் முகப்பு, நிலையான விதி சொன்ன இடத்தைவிடக் கடலுக்கு நெருக்கமாகவே நின்றது. காரணம், கடல்நீர் உள்ளே வந்து சும்மா நிற்பதில்லை. அடியில் நுழைகிறது, நன்னீரோடு கலந்து இலேசாகிறது, மேலெழுந்து மீண்டும் கடலுக்கே திரும்புகிறது. கூப்பர் 1959-ல் இந்தச் சுழற்சியைக் கருத்தளவில் முன்வைக்க, கோஹவுட் 1960-ல் களத் தரவுகளோடு காட்டினார். நம் கிணற்றுக்கு அடியில் நிற்பது ஒரு குட்டை அல்ல, மெதுவாகச் சுற்றும் நீரோட்டம் என்று நினைத்துக்கொண்டால் பல முடிவுகள் சரியாக அமையும்.

எங்கள் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. பயமில்லைதானே?

உண்டு. மட்டம் கடலுக்குக் கீழே போனால்தான் உவர்நீர் வரும் என்பது பரவலான தவறு. மட்டம் 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு இறங்கினாலே, புதிய சமநிலையில் எல்லை 80 மீட்டர் ஆழத்திலிருந்து 40 மீட்டருக்கு ஏறிவிடும். அதற்குப் பல ஆண்டுகள், சில படுகைகளில் பல பத்தாண்டுகள் ஆகலாம். இந்தத் தாமதம்தான் ஏமாற்றுகிறது. இன்று கரிக்கும் கிணறு எப்போதோ இறைத்த நீருக்குக் கணக்கு காட்டுகிறது.

கடலிலிருந்து பக்கவாட்டில் நகர்வது ஒரு வகை. பம்பு ஓடும் கிணற்றுக்கு நேர் அடியில் உவர்நீர் கூம்பாக மேலெழுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது மிக வேகமானது. இறைப்பை நிறுத்தினால் கூம்பு தணியும், ஆனால் கலந்த உப்பு முழுவதும் இறங்காது.

ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

பழைய பதிவேடுகளிலிருந்து. கிணறு தோண்டியபோது எழுதிய மண்ணடுக்குக் குறிப்பு, பழைய நீர்மட்டப் பதிவு, எப்போதோ சோதித்த குளோரைடு எண், எந்த ஆண்டில் எத்தனை பம்புகள் இருந்தன என்ற கணக்கு. இவை தூசு படிந்து கிடக்கும். ஆனால் இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரே ஒரு நம்பகமான குளோரைடு அளவு, இன்று நீங்கள் எடுக்கும் ஐம்பது மாதிரிகள் சொல்லாததைச் சொல்லும். நகர்வைப் பற்றிப் பேச இரண்டு காலம் வேண்டுமே!

அடுத்தது படுகையின் அமைப்பு. மணலா, சுண்ணாம்பா, பாறைப் பிளவா? களிமண் அடுக்கு இருக்கிறதா? அந்த அடுக்கு கடலுக்கடியிலும் நீள்கிறதா, கரையோடு முடிகிறதா? களிமண்ணுக்கு மேலே ஒரு கதை, கீழே வேறு கதை நடக்கும் இடங்கள் ஏராளம். இரண்டின் தரவையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழம்பிய அறிக்கைகளும் ஏராளம்.

நீர்மட்டம் அளப்பது எளிதுதானே? நாடாவை இறக்கினால் போதாதா?

கடலோரத்தில் நான்கு குழிகள் காத்திருக்கின்றன. விழாதவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நானும் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, கிணற்று விளிம்பின் உயரம். தரையிலிருந்து நீர் எவ்வளவு கீழே என்பது மட்டும் தெரிந்தால் பயனில்லை. எல்லாக் கிணறுகளின் விளிம்பும் ஒரே கடல்மட்டக் குறியோடு இணைக்கப்பட வேண்டும். கைபேசி காட்டும் உயரமோ, இணைய வரைபடத்தின் உயரமோ பல மீட்டர் பிழையாக இருக்கும். மேலே சொன்ன நாற்பது மடங்கை நினைத்துப் பாருங்கள். மட்டக்கருவியால் சென்டிமீட்டர் அளவில் இணைத்த பத்துக் கிணறுகள், இணைக்காத நூறு கிணறுகளைவிட மேல்.

இரண்டாவது, ஓதம். கடல் ஏறி இறங்குவதோடு கிணற்று மட்டமும் ஏறி இறங்கும். தூரம் போகப்போக ஏற்ற இறக்கம் வேகமாகச் சுருங்கும், நேரமும் பின்தங்கும். திறந்த படுகையில் சில நூறு மீட்டரில் இது அடங்கிவிடும். மேலே களிமண் மூடிய படுகையில் கிலோமீட்டர் கணக்கில் உணரப்படும். காலையில் ஒரு கிணற்றையும் மாலையில் அடுத்ததையும் அளந்து சமமட்டக் கோடு வரைந்தால், நீங்கள் வரைந்தது ஓதத்தைத்தான். மட்டப்பதிவி வைத்து மணிக்கொரு முறை பதிந்து, 71 மணிநேர அளவுகளை வடிகட்டிச் சராசரி காணும் முறையை செர்ஃபஸ் 1991-ல் தந்தார். இன்றும் அதுவே எளிய, நம்பகமான வழி. ஓதத்தை வெறும் தொல்லையாகவும் பார்க்க வேண்டாம். அலைவீச்சு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தேய்கிறது என்பதிலிருந்து படுகையின் நீர்கடத்தும் தன்மையைக் கணக்கிட முடியும். பம்பு ஓட்டாமலே கடல் நமக்காக ஒரு சோதனை நடத்திக் கொடுக்கிறது.

மூன்றாவது, அடர்த்தி. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கரையருகே 40 மீட்டர் ஆழத்தில் மட்டும் திறந்த குழாய் ஒன்று, முழுக்கக் கடல்நீரால் நிரம்பி, மட்டம் சரியாகக் கடல்மட்டத்தில் நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே, அதே ஆழத்தில் திறந்த நன்னீர்க் குழாயில் மட்டம் கடலுக்கு மேல் அரை மீட்டர். எண்களைப் பார்த்தால் நீர் உள்ளிருந்து கடலுக்கு ஓடுவதாகத் தோன்றும். ஆனால் 40 மீட்டர் கடல்நீரின் அழுத்தம் 41 மீட்டர் நன்னீருக்குச் சமம். அந்தக் குழாயின் நன்னீர்ச் சமமட்டம் 1 மீட்டர். எனவே அந்த ஆழத்தில் ஓட்டம் கடலிலிருந்து நிலத்தை நோக்கி. ஒரே தரவு, திருத்தாவிட்டால் நேர் எதிரான முடிவு. மட்டத்தோடு சேர்த்து அந்தக் குழாய் நீரின் உப்பையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் அந்த அளவு வீண்.

நான்காவது பக்கத்துப் பம்பு. அளக்கும்போது அது ஓடியதா, எப்போது நின்றது என்று கேட்டு எழுதுங்கள்.

இருக்கிற கிணறுகளிலேயே மாதிரி எடுக்கலாமா, புதிதாகத் துளையிட வேண்டுமா?

முதல் கட்டத்துக்கு இருக்கிறவை போதும். ஆனால் அவற்றின் குணம் தெரிந்திருக்க வேண்டும். நெடுகத் துளையிட்ட குழாய் உள்ள ஆழ்துளைக் கிணறு ஒரு கிணறு அல்ல, நிலத்துக்குள் நட்டு வைத்த செங்குத்து வாய்க்கால். ஒரு அடுக்கின் நீர் குழாய் வழியே ஏறி இன்னொரு அடுக்கில் இறங்கும். அதில் மின்கடத்துதிறன் கருவியை இறக்கி ஆழவாரியாக அளந்தால் அழகான படிக்கட்டு வரைபடம் வரும். அது குழாய்க்குள் நடக்கும் ஓட்டத்தைக் காட்டுகிறதே தவிர, வெளியே மண்ணில் உள்ளதைக் காட்டுவதாக உறுதி இல்லை. போதாக்குறைக்கு, இத்தகைய கிணறே கீழுள்ள உவர்நீரை மேல் படுகைக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. கைவிட்ட கிணறுகளைச் சரியாக அடைக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

நம்பத்தக்கது, ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் திறந்த தனித்தனிக் குழாய்கள். செலவு பிடிக்கும். பணம் குறைவென்றால் பத்து இடத்தில் ஒற்றைக் குழாய் போடுவதைவிட, கடலுக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் மூன்று இடங்களில் மும்மூன்று குழாய் போடுவதையே நான் தேர்வேன். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் இன்னொரு வசதி: மின்காந்தத் தூண்டல் கருவியை உள்ளே இறக்கி, குழாய்ச் சுவருக்கு வெளியே உள்ள மண்ணின் கடத்துதிறனை ஆண்டுதோறும் அளந்து ஒப்பிடலாம். இரும்புக் குழாயில் இது நடக்காது.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றி, வெப்பநிலை, கார அமிலத்தன்மை, கடத்துதிறன் மூன்றும் நிலைத்த பிறகு நிரப்புங்கள். குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு இறைக்க வேண்டும் என்ற பொது விதியைக் கடலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், அடியிலுள்ள உவர்நீரை நாமே இழுத்துவிடுவோம். மெதுவாக, குறைந்த அளவில் இறையுங்கள். காரத்துவத்தைக் களத்திலேயே அளப்பது நல்லது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நேரயனிகளுக்கான புட்டியில் மட்டும் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து முடிவு வந்ததும் நேர், எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல் போனால் விளக்கம் எழுத உட்காராதீர்கள், திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மின்கடத்துதிறன் அளக்கும் இசி மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டே உட்புகலைக் கண்டுபிடிக்க முடியாதா?

உப்பு எவ்வளவு என்று அது சொல்லும், யாருடைய உப்பு என்று சொல்லாது. ஆனாலும் அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரு நாளில் நாற்பது கிணறுகளைச் சுற்றி வரலாம், ஆண்டு முழுதும் மாதந்தோறும் செய்யலாம். 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணையே எழுதுங்கள், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். தினமும் 1,413 மைக்ரோசீமென்ஸ் தரக்கரைசலில் சரிபாருங்கள். உவர்நீரில் வேலை என்றால் 12,880 கரைசலும் வேண்டும்.

ஒரு கணக்கு கைவசம் இருக்கட்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் கரைந்த உப்பு, அதில் குளோரைடு மட்டும் 19,000-க்குச் சற்று மேல். ஒரு சதவீதம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு 190 மில்லிகிராம் கூடும். நாக்கு பொதுவாகக் கண்டுபிடிக்கும் அளவு 250. நூறு குடம் நல்ல நீரைக் கெடுக்க ஒன்றரைக் குடம் கடல்நீர் போதும்.

கிணற்றில் உள்ள உப்பு கடலுடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்த ஆய்வின் சுவையான பகுதி இதுதான். சந்தேகப் பட்டியல் நீளமானது: இன்றைய கடல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே வந்திருந்தபோது களிமண்ணில் சிக்கிய பழைய கடல்நீர், உப்பளம், பாசன நீர் ஆவியாகிச் சேர்ந்த உப்பு, வீட்டுக் கழிவுநீர், பாறையில் கரையும் உப்பு. எல்லாமே குளோரைடைக் கூட்டும். கடலுக்கு அருகில் இருப்பதாலேயே கடலைக் குற்றவாளி ஆக்கிவிடுவது எளிது. சாக்கடைக் கசிவால் கெட்ட கிணற்றுக்குக் கடலைப் பழிசொன்ன ஆய்வேடுகள் உண்டு.

குளோரைடு–புரோமைடு விகிதத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டும் மண்ணில் எதிலும் அதிகம் ஒட்டாமல் நீரோடு பயணம் செய்பவை. கடல்நீரில் எடை அடிப்படையில் இந்த விகிதம் 290-ஐ ஒட்டி இருக்கும். உப்பு படிகமாகும்போது புரோமைடு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடுவதால், பாறையுப்பு கரைந்த நீரில் விகிதம் ஆயிரக்கணக்கில் போகும். சமையல் உப்பு கலந்த கழிவுநீரிலும் கடலைவிட உயர்வாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: நீர் ஆவியாகிச் செறிவது மட்டும் நடந்தால், உப்பு படியத் தொடங்கும்வரை விகிதம் மாறாது. ஆகவே காயலில் சுண்டிய கடல்நீரையும் நேரடிக் கடல்நீரையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்து சோடியம்–குளோரைடு. கடலில் மோல் விகிதம் 0.86. கடல்நீர் முதன்முதலாக நன்னீர்ப் படுகைக்குள் நுழையும்போது, களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டுவிடும். அதனால் முன்னேறும் முகப்பில் விகிதம் 0.86-க்குக் கீழே இறங்கி, கால்சியம் குளோரைடு வகை நீர் தோன்றும். பின்வாங்கும்போது நேர் எதிர். நன்னீர் கால்சியத்தைக் கொடுத்து சோடியத்தை வாங்கிக்கொள்ள, சோடியம் பைகார்பனேட் வகை நீர் வரும். ஒரே ஒரு மாதிரியை வைத்தே உப்பு முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்று ஊகிக்க வழி தருவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். கரிப்பு தெரிவதற்கு முன்பே சோப்பு நுரைக்காமல் போகிறது என்று யாராவது சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்ட கால்சியம் நீரைக் கடினமாக்கியிருக்கலாம்.

நைட்ரேட்டையும் மறக்காமல் சோதியுங்கள். கடல்நீரில் அது மிகமிகக் குறைவு. குளோரைடும் நைட்ரேட்டும் கைகோத்து ஏறினால் பார்வையைக் கடலிலிருந்து கழிவறைத் தொட்டிக்கும் உரமிட்ட வயலுக்கும் திருப்புங்கள்.

எந்த ஒரு விகிதமும் தனியே தீர்ப்பாகாது. மூன்று சான்றுகள் ஒரே பக்கம் கைகாட்டினால் எழுதலாம்.

ஐசோடோப்பு ஆய்வு கட்டாயமா?

இல்லை. ஆனால் ஆவியாதலா, கலப்பா என்ற வழக்கில், ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை (ஐசோடோப்புகளை) அளக்கும் இந்த ஆய்வே சிறந்த சாட்சி. கடல்நீரும் நன்னீரும் கலந்தால் ஆக்சிஜன்-18, குளோரைடு இரண்டையும் வரைந்த படத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். பாசன நீர் ஆவியானால் கோடு வேறு பக்கம் விலகும். பழைய கடல்நீர் என்ற சந்தேகம் வந்தால் டிரிட்டியமும் கார்பன்-14-ம் வயதைச் சொல்லும். டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டு. எனவே அது இருந்தால் கடந்த சில பத்தாண்டுகளின் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். வயது ஏன் முக்கியம்? பழைய உப்பு என்றால் கரையில் தடுப்புக் கட்டி ஒரு பயனும் இல்லை, அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது.

துளையிடாமல், மின்தடை அளந்தே உவர்நீரைப் பார்க்கலாம் என்கிறார்களே?

பார்க்கலாம். கடல்நீரின் மின்தடைமை 0.2 ஓம் மீட்டர். சாதாரண மணலில் நிரம்பினால் அதைப் போல நாலைந்து மடங்கு, அதாவது 1 ஓம் மீட்டரை ஒட்டி வரும். அதே மணலில் 500 மைக்ரோசீமென்ஸ் நன்னீர் இருந்தால் 100-ஐ ஒட்டி வரும். நூறு மடங்கு வித்தியாசம் இருப்பதால் படம் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. 5 முதல் 20 ஓம் மீட்டர் என்று வந்தால், அது பாதி உப்பான மணலாகவும் இருக்கலாம், நன்னீரில் நனைந்த களிமண்ணாகவும் இருக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றே. நீலமும் சிவப்புமாக அச்சிட்ட குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் காட்டி ‘இதோ கடல்நீர்’ என்று சொல்பவரிடம், அந்தக் கோட்டில் எந்தத் துளையின் மண்குறிப்போடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தப் படம் ஓர் ஊகம். ஆழ எல்லையும் உண்டு. மின்முனைக் கோட்டின் மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மேலே உப்புமண் படிந்திருந்தால் மின்னோட்டம் அதிலேயே ஓடிவிடும், அந்த ஆழமும் கிடைக்காது.

பெரிய பரப்புக்கு ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்ட மின்காந்த வளையத்தால் நாடு முழுவதையும்கூட வருடிவிடலாம். அதற்கும் துளைச் சான்று தேவை.

எவ்வளவு காலம் அளக்க வேண்டும்?

குறைந்தது ஒரு முழு நீராண்டு, அதாவது மழைக்கு முன்னும் பின்னும் உள்பட. அதில் பருவ ஏற்ற இறக்கம் தெரியும், உட்புகல் தெரியாது. போக்கு என்று சொல்லப் பல ஆண்டு தேவை. ஒரே கோடையில் மாதிரி எடுத்து ‘கடல் 2 கிலோமீட்டர் முன்னேறிவிட்டது’ என்று அறிவிப்பவர், முன்பு எங்கே இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும்.

கணினி மாதிரி எப்போது தேவை?

நீர் மாதிரிக்கும் கணினி மாதிரிக்கும் தமிழில் ஒரே சொல் என்பதால் இங்கே ‘மாடல்’ என்றே எழுதுகிறேன். ‘இறைப்பைப் பாதியாக்கினால் என்ன ஆகும்’ என்ற வகைக் கேள்வி வந்தால் மாடல் தேவை. இன்று எங்கே உப்பு இருக்கிறது என்று அறிய மாடல் தேவையில்லை, போய்ப் பார்க்க வேண்டும்.

அடர்த்தி மாறும் ஓட்டத்தைக் கணக்கிட சீவாட், சூத்ரா, ஃபீஃப்ளோ, மாட்ஃப்ளோ 6 போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. புதியவர்கள் முதலில் ஹென்றி 1964-ல் தீர்த்த எளிய செங்குத்துப் பெட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கைபழகுங்கள். பிறகு அதிகம் அடிசறுக்கும் இடம் தொடக்க நிலை. ஆரம்பத்தில் உப்பு எங்கே இருந்தது என்று கொடுக்கிறோமோ, அதன் தழும்பு மாடலில் நூற்றாண்டுகள் நிற்கும். இறைப்புக்கு முந்தைய காலத்தைச் சமநிலை வரும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு இறைப்பைச் சேர்ப்பது பாதுகாப்பு. நீர்மட்டம் பொருந்தியதும் மாடல் சரி என்று எழுந்துவிடாதீர்கள், உப்பும் பொருந்த வேண்டும்.

கால்டிட் குறியீடு போட்டால் போதுமா?

கோவாவில் சாச்சடியும் போர்ச்சுகலின் லோபோ ஃபெரைராவும் 2001-ல் வகுத்த முறை. படுகையின் வகை, நீர்கடத்துதிறன், கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டம், கரையிலிருந்து தூரம், ஏற்கெனவே உள்ள பாதிப்பு, படுகைத் தடிமன் என்ற ஆறுக்கும் மதிப்பெண் போட்டு எளிதில் பாதிக்கப்படும் இடங்களை வரைபடமாக்கும். எங்கே முதலில் ஆராய்வது என்று தேர்ந்தெடுக்க நல்ல கருவி. அதையே முடிவாக வெளியிடுவது, ஜாதகத்தைப் பார்த்து மருந்து எழுதுவது போல.

கடல்மட்டம் உயர்வதுதானே முக்கியக் காரணம்?

பெரும்பாலான இடங்களில் இல்லை. பம்புதான். ஃபெர்குசனும் கிளீசனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, நிலத்தடி நீர்மட்டத்தின் சரிவு மிகக் குறைவாக உள்ள கரைகளைத் தவிர மற்ற இடங்களில் இறைப்பின் பாதிப்பு கடல்மட்ட உயர்வின் பாதிப்பைவிடப் பெரிது என்று காட்டியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு வெர்னரும் சிம்மன்சும் ஒரு நுட்பமான வேறுபாட்டை விளக்கினார்கள். கடல் உயரும்போது நிலத்தடி மட்டமும் சேர்ந்து உயர இடமிருந்தால், உவர்நீர் முகப்பு நகர்வது பத்துக்கணக்கான மீட்டர் அளவில் முடிந்துவிடும். வடிகாலோ இறைப்போ மட்டத்தை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தால், அதே கடல் உயர்வுக்கு நகர்வு நூற்றுக்கணக்கான மீட்டர், சில சூழலில் கிலோமீட்டருக்கு மேல். பருவநிலை மாற்றத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு மின்மோட்டாரைப் பற்றிப் பேசாமல் இருப்பது பலருக்கும் வசதியாக இருக்கிறது.

புயலலையும் ஆழிப்பேரலையும் விட்ட உப்பு?

அது மேலிருந்து வருவது, கணக்கே வேறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியப் பெருங்கடல் கரையோரங்களில் ஆயிரக்கணக்கான திறந்த கிணறுகள் கடல்நீரால் நிரம்பின. அவசரமாக முழுவதும் இறைத்துச் சுத்தம் செய்யும்போது அடியிலிருந்த உவர்நீரும் மேலெழும் ஆபத்து உண்டு. கிணற்றுச் சேற்றை அகற்றி, அளவாக இறைத்து, மற்றதை மழைக்கு விடுவதே நல்லது. உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் வில்லையை மட்டும் நம்பியிருக்கும் பவளத்தீவுகளில் இன்னும் கவனம் தேவை.

ஒருமுறை உப்பான படுகையை மீட்க முடியுமா?

முடியும், வந்த வேகத்தில் போகாது. மணலிலிருந்து வெளியேறினாலும் களிமண் இடுக்குகளில் ஊறிய உப்பு நெடுங்காலம் கசியும்.

முதல் மருந்து இறைப்பைக் குறைப்பதும் கிணறுகளை உள்நாட்டுக்கு நகர்த்துவதும். அடுத்தது கரையோரமாக வரிசையாகக் கிணறு வைத்து நல்ல நீரை உள்ளே செலுத்தி நீர் வரப்பு ஒன்றை எழுப்புவது. லாஸ் ஏஞ்சலஸ் கரையில் 1950-களிலேயே இதைச் சோதித்தார்கள். பக்கத்து ஆரஞ்சு கவுண்டியில் 1970-களின் நடுவிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைச் செலுத்துகிறார்கள். நெதர்லாந்தில் மணற்குன்றுகளிலிருந்து அளவுக்கு மீறி எடுத்ததால் உவர்நீர் ஏறிய பிறகு, 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து ஆம்ஸ்டர்டாம் குன்றுகளில் ஊறவைக்கிறார்கள். ஒகினாவாவில் நிலத்துக்கடியில் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். எதுவும் மலிவல்ல. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவும் முடியாது, நீர் வரப்பு ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய நோயாளி.

ஆறு மாதமும் சிறிய தொகையும்தான் என்னிடம் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

கரைக்குச் செங்குத்தாக ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே வரை, ஆழம் தெரிந்த பன்னிரண்டு கிணறுகள். முதல் வாரமே விளிம்பு உயரங்களை மட்டக்கருவியால் இணைத்துவிடுங்கள், பின்னால் செய்யலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் செய்ததே இல்லை. மாதம் ஒருமுறை, ஓதம் ஒரே நிலையில் இருக்கும் நேரத்தில், மட்டமும் கடத்துதிறனும் வெப்பநிலையும். இரவல் வாங்கியாவது இரண்டு மட்டப்பதிவிகள், ஒன்று கரையருகே, ஒன்று நடுவில். மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் முழு அயனிப் பகுப்பாய்வு, புரோமைடும் நைட்ரேட்டும் சேர்த்து. கடல்நீரிலும் ஒரு மாதிரி எடுங்கள். பாடநூல் எண்ணை வைத்துக் கலப்பைக் கணக்கிட வேண்டாம், ஆற்றுமுகத்தருகே கடலும் நீர்த்துப்போயிருக்கும்.

தரவு முழுவதையும், பிழைபட்ட அளவுகளையும் காரணத்தோடு சேர்த்து, அறிக்கையின் பின்னிணைப்பாகக் கொடுங்கள். கிணற்றின் இருப்பிடம், விளிம்பு உயரம், ஆழம், அளந்த நாள், மணி. இருபது ஆண்டு கழித்து அதே கோட்டில் அளக்க வருபவர் முதலில் தேடப்போவது அந்தப் பின்னிணைப்பைத்தான்.